நீலகிரி ஆதிவாசிகளும் மூதூர் வேடரும் ஒரே இரத்தமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: கோத்தகிரியில் இருக்கும் உங்கள் மாமா, நீலகிரி ஆதிவாசிகளும் இலங்கையில் நம்முடைய மூதூர்ப் பக்கத்துப் பழங்குடிகளான வேடரும் ஒரே இனம், இரத்தத்தைச் சோதித்தே நிரூபித்துவிட்டார்கள் என்று சொல்கிறார். அது உண்மையா? வருகிற சித்திரையில் அங்கே போகும்போது அவர்களுடைய ஊர்களைப் போய்ப் பார்க்கலாமா? இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சனங்கள் நமக்கு என்ன முறை என்று கேட்கிறீர்கள்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990இல் திருகோணமலையிலிருந்து படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். பிறகு ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து, கோத்தகிரியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் ஒன்பது வருடம் இரத்தம் பார்த்தேன். ஊர் திரும்பியபிறகும் அதே தொழில்தான். ஆகவே இரத்தத்தைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். வழக்கங்கள், மொழி பற்றிச் சொல்வது அயலில் வாழ்ந்து கேட்டதும் படித்ததும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நான் நாள் கணக்கில் போய் வந்தவன் மட்டுமே. அங்குள்ளவர்களைப் பற்றி அதனால் குறைவாகவே எழுதுகிறேன்.

மாமா சொன்னதில் முதல் சிக்கல் ‘நீலகிரி ஆதிவாசிகள்’ என்ற ஒற்றைச் சொல்லிலேயே இருக்கிறது. அப்படி ஒரு தனிச் சனம் அங்கே இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள் இருக்கின்றன. மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று இந்திய அரசு தமிழ்நாட்டில் அடையாளம் கண்டிருப்பவை இந்த ஆறும்தான், ஆறுமே அந்த ஒரு மாவட்டத்தில் வாழ்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏழேகால் இலட்சத்துக்குச் சற்று மேல். பழங்குடிகள் எல்லோரையும் சேர்த்தாலும் 33 ஆயிரத்தைத் தொடவில்லை. நூறு பேரில் ஐந்து பேர்கூட இல்லை. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் அதிகமாகக் காணும் படுகர் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் மைசூர்ப் பக்கமிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்த உழவர்கள் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. தங்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள்.

ஆறு பேரும் ஒரே மாதிரி வாழ்ந்தவர்களும் இல்லை. தோடர் மேல்மலைப் புல்வெளியில் எருமை மேய்த்தவர்கள். அவர்களுக்குப் பால் தெய்வீகமானது. பால்மனையே கோயில், பால் கறந்து தயிர் கடைபவரே பூசாரி. இன்று மொத்தமாக ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். கோத்தர் ஏழு ஊர்க்காரர், தங்கள் ஊரைக் ‘கோக்கால்’ என்பார்கள். இரும்படிப்பதும் மரவேலையும் வாத்தியம் வாசிப்பதும் ஆண்கள் வேலை, பானை வனைவது பெண்கள் கை. கோத்தகிரி என்ற பெயரே அவர்கள் தெருவிலிருந்து வந்ததுதான். குறும்பரும் இருளரும் மலைச்சரிவுக் காடுகளில் தேன், கிழங்கு, சாமை, ராகி என்று வாழ்ந்தவர்கள். பணியர் கூடலூர், வயநாட்டுப் பக்கம் வயல்வேலையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்கள். காட்டுநாயக்கர் முதுமலைக் காட்டை ஒட்டியவர்கள்.

குறும்பர் தேன் எடுக்கும் விதத்தை ஒரு பெரியவர் எனக்கு விவரமாகச் சொன்னார். செங்குத்தான பாறையில் மலைத்தேனீ பெரிய பெரிய அடையாகக் கட்டியிருக்கும். மேலே ஒரு மரத்தில் கொடியை முறுக்கிக் கட்டி, அந்த ஏணியில் ஒருவர் இறங்கிப் புகை போட்டு அடையை அறுப்பார். மேலே கயிற்றைக் காப்பவர் அவருடைய மைத்துனராகத்தான் இருக்க வேண்டும். “அண்ணன் தம்பி என்றால் பங்காளிப் பகை இருக்கும். மைத்துனன் தன் கூடப்பிறந்தவளை முண்டச்சியாக விடமாட்டான்” என்றார் அவர். மட்டக்களப்பு, பிந்தனைப் பக்கத்து வேடரும் கொடியேணி கட்டிப் பாறைத்தேன் எடுத்தவர்கள் என்று பழைய பதிவுகள் உண்டு. மாமா இதைக் கேட்டால் ‘பார்த்தாயா!’ என்பார். ஆனால் பாறையில் தேன் இருக்கும் எந்த நாட்டிலும் மனிதன் கயிறு கட்டித்தான் இறங்குகிறான். ஒரே தொழில் ஒரே மாதிரியான பழக்கங்களைக் கொடுக்கும். அதை வைத்து இரத்த உறவு சொல்ல முடியாது.

இந்தச் சமூகங்கள் ஒன்றையொன்று நம்பியே வாழ்ந்தன. தோடர் நெய்யும் பாலும் கொடுத்தார்கள், கோத்தர் பானையும் அரிவாளும் கொடுத்துச் சாவு வீட்டுக்கு வாத்தியமும் வாசித்தார்கள், குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் கொண்டுவந்தார்கள், படுகர் தானியம் அளந்தார்கள். காசு இல்லாமல் நடந்த இந்த ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலைந்து போயிற்று. இதைச் சொர்க்கம் போல எழுதுகிறவர்களும் உண்டு, அதை நான் ஏற்கமாட்டேன். குறும்பருக்குச் சூனியம் தெரியும் என்ற அச்சம் மற்ற எல்லோரிடமும் இருந்தது. ஊரில் மாடு செத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பழி குறும்பர் மேல் விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதற்காகக் குறும்பர் குடும்பங்களைக் கூட்டமாக வெட்டிக் கொன்ற சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நான் வேலை செய்த காலத்திலும்கூட ஒரு குறும்பப் பெரியவர் ஆஸ்பத்திரி வாங்கில் வந்து உட்கார்ந்தால் பக்கத்திலிருந்தவர் எழுந்து தள்ளி நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

அப்படியென்றால் அவர்கள் தமிழரா என்று அடுத்து கேட்பீர்கள். மொழியை வைத்துச் சொன்னால், தோடர் மொழியும் கோத்தர் மொழியும் தமிழோடு ஒரே தாய்வழியில் வந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோன தனி மொழிகள். தமிழின் கிளைமொழி என்று அவற்றைச் சொல்வது தவறு. நமக்கு ரகரமும் றகரமும்தான், தோடருக்கு நாக்கு உருளும் ஒலி மூன்று. அவர்கள் இருவர் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபட்டதில்லை. இருளர் பேச்சு தமிழுக்குக் கிட்ட, பணியர் பேச்சு மலையாளத்துக்குக் கிட்ட, காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்குக் கிட்ட. இவ்வளவும் மொழியியலாளர்கள் நன்றாக ஆராய்ந்து உறுதி செய்தவை.

சரி, இரத்தத்துக்கு வருவோம். மாமா சொன்ன கதைக்கு ஒரு மூலம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மண்டையோட்டையும் மூக்கையும் தலைமயிரையும் அளந்து சனங்களை இனம் பிரித்தார்கள். இலங்கை வேடரை மாதிரியாக வைத்து, தென்னிந்தியக் காட்டுச் சமூகங்கள் பலவற்றுக்கும் ‘வேடர் வகையினர்’ என்று பெயர் கொடுத்தார்கள். இருளரும் குறும்பரும் பணியரும் அந்தப் பெட்டிக்குள் விழுந்தார்கள். மூக்கை அளந்து இனம் பிரிக்கும் அந்த முறையை இன்று எந்த ஆய்வாளரும் ஏற்பதில்லை. ஆனாலும் பெயர் மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது.

பிறகு 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிச் சமூகங்களின் இரத்தத்தில் அரிவாள் செல் (செங்குழியங்களை அரிவாள் போல வளைக்கும், பரம்பரையாக வரும் மாற்றம்) இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் அதுதான் முதல் பதிவுகளில் ஒன்று. நான் ஒன்பது வருடம் செய்த சோதனையும் அதையொட்டியதுதான். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடி வில்லையில் வைத்து, அன்றைக்குக் கரைத்த சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலை அதோடு கலந்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, ஓரங்களை வாஸ்லின் பூசிக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவோம். அரைமணி நேரம் கழித்து நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, முதலில் தட்டுத் தட்டாக, வட்டமாக இருந்த செங்குழியங்கள் ஓரத்தில் கூர் எடுத்திருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பிறை பிறையாக, உண்மையிலேயே கதிரரிவாள் போல, வளைந்து கிடக்கும். பழைய கரைசலாக இருந்தால் ஒன்றும் வளையாது, நோய் இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம். அதனால் காலையில் கடைசியாக வந்த ஆளுக்கும் புதுக் கரைசல்தான் கலக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். குழியங்கள் வளைந்தாலும் அது நோயா, அல்லது அந்த மாற்றத்தின் ஒரு பிரதி மட்டும் உள்ள வெறும் கடத்தியா என்று இந்த வில்லை சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு வெளியூருக்கு அனுப்ப வேண்டும்.

லேமன் போன்றோரின் எதிர்பார்ப்பு எளிதானது. நீலகிரிக் காட்டுச் சனங்களும் இலங்கை வேடரும் ஒரே வகையினர் என்றால், வேடர் இரத்தத்திலும் அரிவாள் செல் இருந்தாக வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இலங்கை வேடரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அரிவாள் செல் அகப்படவில்லை. ஹீமோகுளோபின் ‘ஈ’ என்ற வேறொரு மாற்றம்தான் கணிசமாக இருந்தது. அது வங்காளத்திலும் பர்மா, தாய்லாந்துப் பக்கமும் அதிகமாகக் காணப்படுவது. உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள்: இரத்தத்தைச் சோதித்தது உண்மை. அந்தச் சோதனை சொன்னது அவர் சொல்வதற்கு நேர்மாறு.

ஆனால் அதை வைத்து ‘உறவே இல்லை’ என்று அடித்துச் சொல்லவும் கூடாது. இதில் மலேரியா இருக்கிறது. அரிவாள் செல்லின் ஒரு பிரதி மட்டும் உள்ளவரைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை. ஹீமோகுளோபின் ஈக்கும் அப்படி ஒரு காப்பு உண்டு என்று கருதுகிறார்கள். அதனால் மலேரியா மண்டிய காட்டில் பல தலைமுறை வாழ்ந்தவர்களிடம் இப்படிப்பட்ட மாற்றங்கள் பெருகும். நீலகிரியிலும் அரிவாள் செல் அதிகம் தெரிவது கீழ்ச்சரிவிலும் வயநாட்டுப் பக்கமும் வாழ்ந்த இருளர், குறும்பர், பணியரிடம்தான். அந்தப் பக்கத்துக் காய்ச்சலுக்கு வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரே அஞ்சினார்கள். எந்த மாற்றம் ஓரிடத்தில் பெருகியது என்பது அங்கே எது முதலில் வந்து சேர்ந்தது என்பதையும் பொறுத்தது. நுளம்பு விட்டுச்சென்ற அடையாளத்தை வைத்து யாருடைய பூட்டன் யார் என்று வாசிக்க முடியாது.

மரபணு முழுவதையும் படிக்கும் காலம் வந்தபிறகு படம் இன்னும் மாறியிருக்கிறது. 2024இல் இந்திய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு, வேடர்கள் இந்தியப் பழங்குடிகள் சிலரோடு, இருளர், பணியர் உட்பட, பழைய உறவு காட்டுகிறார்கள் என்கிறது. ஒடிசாப் பக்கத்து ஜுவாங்கும் சாந்தாலும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. அப்படியானால் மாமா சொன்னது சரிதானே என்று கேட்டால், கொஞ்சம் சரி என்றுதான் சொல்வேன். பல்லாயிரம் வருடத்துக்கு முன் இந்தப் பகுதியில் வாழ்ந்த வேட்டைச் சனங்களின் கலப்பு தெற்காசியாவில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது, அநுராதபுரத்துச் சிங்களவரிடமும் இருக்கிறது. பணியரிடமும் இருளரிடமும் வேடரிடமும் அது கூடுதலாகத் தெரிகிறது. இவ்வளவு உறுதி. அதற்கு மேல், எப்போது பிரிந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்பதெல்லாம் இன்னும் வாதத்தில் இருப்பவை. ஓர் ஆய்வின் தலைப்புச் செய்தியை வைத்து அவற்றை முடித்துவிட வேண்டாம்.

இன்னொன்று. வேடர் என்றதும் ஆராய வருகிறவர்கள் பெரும்பாலும் மகியங்கனைக்கு அருகே தம்பானைக்குத்தான் போகிறார்கள். நம்முடைய பக்கத்தில் மூதூர் கிழக்கில் பாட்டாளிபுரம், நல்லூர் தொடங்கி ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை வரை கடலோரமாக வேடர் குடிகள் இருக்கின்றன. பேசுவது தமிழ், கும்பிடுவது முருகனையும் தங்கள் குலத் தெய்வங்களையும். மீன், தேன், விறகு, காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிர் என்று சீவியம் போகிறது. சடங்கு ஆடும்போது அன்றாடத் தமிழில் இல்லாத பழைய சொற்கள் வாயில் வரும். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலேயே கடலோர வேடர் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன், 1660இல் இதே கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ரொபட் நொக்ஸ் தன் நூலில் காட்டு வேடரைப் பற்றி எழுதினார். ஆனால் நம் ஊரில் யாராவது அவர்களைப் பற்றிப் பேசினால் ‘அவங்களும் தமிழாக்கள்தானே’ என்று முடித்துவிடுவோம். அப்படி முடிக்கிறபோது வேடர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற ஏச்சும், 2006இல் மற்ற எல்லோரோடும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது காட்டுக்குள் போக அனுமதி கேட்டு நின்ற நிலையும் கணக்கில் வராமல் போகின்றன. தமிழ் பேசுவதால் வேடர் என்ற பெயர் போய்விடாது. வேடர் என்பதால் தமிழ் அவர்களுக்கு அந்நியமாகவும் ஆகிவிடாது.

நமக்கும் நீலகிரிக்கும் இரத்தத்தைவிட நெருக்கமான ஒரு தொடர்பு இருக்கிறது, அதைத்தான் மாமா சொல்லியிருக்க வேண்டும். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலையகத்தில் பிறந்து வளர்ந்த ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில் பலரை எங்கே குடியமர்த்துவது என்று பார்த்து, தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு ‘டான்டீ’ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. உங்கள் மாமா குடும்பமும் அந்த வழியில் போனதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேயிலை வெறும் நிலத்தில் நடப்பட்டதில்லை. வனத்துறையின் கையிலிருந்த காட்டை வெட்டி நட்டார்கள். அந்தக் காடு குறும்பருக்குத் தேன்காடு, பணியருக்குக் கிழங்குக்காடு, காட்டுநாயக்கருக்கு முன்னோர் தங்கும் இடம். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1819இல் சல்லிவன் என்ற கலெக்டர் மலையேறிய நாள் தொட்டு, தோடரின் புல்வெளி சீகை மரத்துக்கும் யூகலிப்டசுக்கும் உருளைக்கிழங்குக்கும் போய்க்கொண்டிருந்தது. நம் சனத்தை ஓரிடத்திலிருந்து பிடுங்கினார்கள். நட்ட இடத்தில் ஏற்கெனவே வேர் இருந்தது. இதில் தோட்டத்து லயன் வீட்டில் குடியேறிய ஏழைக் குடும்பத்தின் மேல் குற்றம் இல்லை. ஆனால் இந்த வரலாறு தெரியாமல் ‘நாமெல்லாம் ஒரே இனம்’ என்று போய்ச் சொன்னால், கேட்கிற குறும்பருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருமுறை வெளியூரிலிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்து, ஒரு குறும்பர் குடியிருப்பில் எல்லோரிடமும் இரத்தம் எடுத்தது. ஊசி குத்துவதற்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பாட்டி எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து, “எங்க ரத்தத்தைக் கொண்டுபோனீங்களே, அது என்ன சொல்லுச்சு?” என்று கேட்டார். அந்த முடிவுகள் அவர்களுக்கு வரவேயில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவருடைய பேரனுக்கு அடிக்கடி கைகால் மூட்டு வீங்கி அழுகிறான் என்று சொன்னார். அன்றைக்கே அவனை வரச்சொல்லி வில்லை போட்டேன், பிறை பிறையாக இருந்தது. வெளியூர்ச் சோதனையும் நோய்தான் என்று உறுதி செய்தது. போலிக் அமில மாத்திரை, நிறையத் தண்ணீர், குளிரில் கவனம், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இவ்வளவையும் முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை ஆறு மாதம் வேதனைப்பட்டிருக்க மாட்டான். இரத்தம் அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது அதைத்தான். வேடரோடு என்ன முறை என்று அந்தப் பாட்டி கேட்கவேயில்லை.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி 1990 முதல் இருக்கிறது, அங்கே அரிவாள் செல்லுக்குத் தனிக் கவனம் உண்டு. இந்திய அரசும் 2023இல் இதற்கென நாடு தழுவிய திட்டம் ஒன்று தொடங்கியிருக்கிறது. கணவன் மனைவி இருவரும் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன் பார்ப்பது அதற்காகத்தான். மாமா வீட்டில் யாராவது அந்தப் பக்கத்துச் சமூகங்களில் சம்பந்தம் செய்திருந்தால் அவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு தலைமுறையில் அப்படிக் கலந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

போய்ப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு, தாராளமாகப் போகலாம், ஆனால் அழைப்போடு போங்கள். முதலில் ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். தோடர் குடியிருப்பான மந்துக்குப் போனால் அரைப்பீப்பாய் வடிவில் இருக்கும் பால்மனைக்குக் கிட்டப் போகவேண்டாம், பெண்கள் அங்கே போவதேயில்லை. படம் எடுக்கு முன் கேளுங்கள், வேண்டாமென்றால் கமராவைப் பைக்குள் வையுங்கள். தோடப் பெண்கள் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக இழை எண்ணித் தைக்கும் போர்வையை ‘பூத்குளி’ என்பார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதென்றால் தைத்தவர் கையிலேயே காசு கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசவேண்டாம். சித்திரை தேன் எடுக்கும் காலம். குறும்பர் குடியிருப்புகளுக்கு அங்கே வேலை செய்கிற யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும், நீங்கள் கடவுச்சீட்டில் போகிறவர் என்பதை மறக்க வேண்டாம்.

எனக்காக ஒரு வேலையும் செய்யுங்கள். மாமா இருக்கும் அந்த லயனுக்கு இப்போது ஒரு டிவிசன் நம்பர்தான் இருக்கும். தேயிலைக்கு முன்னால் அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று பக்கத்துக் குடியிருப்பில் வயதானவர் யாரிடமாவது கேட்டு எழுதி வாருங்கள். நான் ஒன்பது வருடம் இருந்த சரிவுக்கும் ஒரு குறும்பப் பெயர் இருந்தது. அந்தப் பாட்டி சொன்னார், நான் எழுதி வைக்காமல் வந்துவிட்டேன்.